தெரு வடிகாலுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி முடித்தார்கள். அடுத்த மழைக்கே தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. பொதுப்பணம் இப்படி வீணானால் எந்த வழியில் கேட்பது? சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை, தகவல் உரிமை மனு, ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை என்று மூன்று இருக்கின்றன.

ஒரு திட்டம் முழுக்க எங்கே ஓட்டை என்று காட்டுவதில் சி.ஏ.ஜி.யை மிஞ்ச ஆளில்லை. அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கும், அங்கிருந்து எம்.எல்.ஏ.க்கள் கொண்ட பொதுக் கணக்குக் குழுவுக்கும் போகும். ஆனால் சில இடங்களை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அறிக்கை வருவதற்குள் ஒப்பந்ததாரர் பில் வாங்கியிருப்பார், பொறியாளர் மாறுதலில் போயிருப்பார். ஒரு தெருவின் குறைக்கு அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

தகவல் உரிமை மனு நம் கைக்கு எட்டுவது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் தகவல் ஆணையம் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடலாம். பலர் சறுக்குவது கேள்வியில்தான். "ஏன் தரமில்லை?" என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். எஸ்டிமேட், எம்.புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்), பில் இவற்றின் நகலைக் கேட்க வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. எனக்கு வந்த எம்.புக் நகலில் வடிகாலின் ஆழம் 60 செ.மீ. டேப்பை இறக்கிப் பார்த்தால் 45-ஐத் தாண்டவில்லை. சரி, அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் ஒருவன் மட்டும் என்ன செய்ய?

சமூகத் தணிக்கைக்கு வலு வருவது இங்கேதான். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அரசு வேலைக் கணக்குகளை ஊர் நடுவே வாசித்தது. அப்புறம் அதிகாரிகள் நகல் தர மறுக்க, 1996-ல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் வளர்ந்தது அந்த வாசிப்பிலிருந்துதான். 2005-ன் நூறு நாள் வேலைச் சட்டமும் 17-ஆவது பிரிவில் இதைக் கிராம சபையின் கடமையாக வைத்தது. குறையும் உண்டு. இன்று எழுந்து பேசுகிறவருக்கு நாளை அதே பணித்தளப் பொறுப்பாளரிடம்தான் வேலை. அந்தப் பயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் தேர்வு, மனுவும் சபையும் சேர்ந்ததுதான். கிராம சபையில் நான் எம்.புக்கை வாசித்தபோது, பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் எழுந்து, "வாங்க, இப்பவே அளந்து பாப்போம்" என்றார். பின்னாலேயே இருபது பேர் எழுந்தார்கள். மறுவாரம் ஓவர்சியர் டேப்போடு வந்தார்.

அக்டோபர் 2 கிராம சபையில் பேச நினைப்பவர்கள் ஜூலையிலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். பதில் வராமல் முதல் மேல்முறையீட்டுக்குப் போக நேர்ந்தாலும் நாள் மிச்சமிருக்கும்.