பழைய அலுமினியப் படகுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடித்து 4 வருடம்: எது நின்றது, எது உரிந்தது

பெயின்ட் அடித்து முடித்த வாரமே இதை எழுதியிருந்தால் எல்லாம் பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன். புதுப் பெயின்டோடு நிற்கும் எந்தப் படகும் முதல் மாதம் அழகாகத்தான் இருக்கும். 4 வருடம் தண்ணீரில் இறக்கி ஏற்றி, வெயிலில் நிறுத்தி, மணலிலும் கல்லிலும் உரசிய பிறகுதான் அடியில் என்ன செய்தோம் என்பது வெளியே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

படகு 14 அடி, 1960களில் செய்தது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்த உடல். தகடு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர். என் கைக்கு வந்தபோது மேலே மூன்று நிறப் பெயின்ட் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது, இரண்டு இடத்தில் யாரோ தார் மாதிரி எதையோ அப்பியிருந்தார்கள், பின்பலகையில் கட்டை விரலை அழுத்தினால் உள்ளே போனது. ஆனால் தகடு நன்றாக இருந்தது. இந்த வயதுப் படகை வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்க்காதீர்கள், தகட்டையும் ரிவெட்டையும் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் விமானம் செய்த தொழிற்சாலைகளின் கைவேலை படகுக்கு வந்தது, விமானம் செய்த க்ரம்மன் நிறுவனம் 1945இல் அலுமினியக் கேனோ (ஒடுங்கிய துடுப்புப் படகு) செய்ய ஆரம்பித்ததும் அப்படித்தான். அந்த வழியில் வந்த ரிவெட் வேலை இன்றைக்கும் பிரித்து மாட்டக்கூடியது, சரிசெய்யக்கூடியது. அதுதான் இந்தப் படகுகள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம்.

பழைய பெயின்டை எடுப்பதில்தான் அதிக நாள் போனது. இங்கே சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா கலந்த பெயின்ட் ரிமூவர் அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது, அது பெயின்டோடு சேர்த்து உலோகத்தையும் தின்னும், ஹைட்ரஜன் வாயுவும் வெளியே வரும். டப்பாவில் அலுமினியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து பிற்பாடு அங்கேயிருந்து துருப்புள்ளியும் அரிப்பும் ஆரம்பிக்கும். நான் நைலான் தேய்ப்புப் பட்டையும் பிளாஸ்டிக் சுரண்டியும் வைத்தே பெரும்பகுதியை முடித்தேன். மணல் வீச்சு முறையில் எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இவ்வளவு மெல்லிய தகட்டில் பழக்கமில்லாத கை அதைச் செய்தால் தகடு நெளிந்துவிடும், அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது நிறத்துக்கும் கீழே பச்சை கலந்த மஞ்சளில் ஒரு படலம் வந்தது. அந்தக் காலத்து ஜிங்க் குரோமேட் பிரைமரின் (பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சின்) நிறம் அதுதான். அதில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகை, மேலே உள்ள பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். அதனால் ஒரு இடத்தைக்கூட உலர்வாகத் தேய்க்கவில்லை. தண்ணீர் விட்டு, சரியான ஃபில்டர் உள்ள முகமூடி போட்டு, கீழே தார்பாய் விரித்து, வழிந்த கழிவைத் தனியாகச் சேர்த்து அபாயக் கழிவுக்கான இடத்தில் கொடுத்தேன். அந்தப் பிரைமர் எங்கெல்லாம் கெட்டியாகப் பிடித்திருந்ததோ அங்கெல்லாம் எடுக்காமல் அப்படியே விட்டு மேலே லேசாகச் சொரசொரப்பு மட்டும் கொடுத்தேன். அத்தனை வருடம் நின்ற ஒரு படலத்தை அழகுக்காகப் பெயர்த்து எடுத்துத் தூசியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றுவரை அந்த இடங்களில் ஒரு குமிழி கிடையாது.

பெயின்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒழுக்கைப் பார்க்க வேண்டும். படகைத் தண்ணீரில் போட்டு உள்ளே எங்கே வருகிறது என்று தேடுவதைவிட, ட்ரெய்லரில் வைத்தே உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது சுலபம். ஆனால் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறக்கக்கூடாது. 4 அங்குலம் நிரப்பினாலே நூற்றுக்கணக்கான கிலோ ஏறிவிடும், அந்தக் கனத்துக்காகச் செய்த உடல் இல்லை இது. அடியில் நாலைந்து இடத்தில் முட்டுக் கொடுத்து, கொஞ்சமாக ஊற்றி, சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டேன். ஏராவை, அதாவது அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, ஒட்டிய வரிசையில் மட்டும் பதினொன்று.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். நான் வெளியே படுத்துக்கொண்டு ஒரு கனமான இரும்புக் கட்டியை ரிவெட் தலையில் அழுத்திப் பிடிக்க, தம்பி உள்ளே உட்கார்ந்து ரிவெட்டின் வாலைச் சுத்தியால் தட்டினான். கட்டி சரியாகப் படியாவிட்டால் தகடு முழுக்க மணி மாதிரி அதிரும், படிந்துவிட்டால் சத்தம் மொத்தென்று வரும். முதல் இரண்டு ரிவெட்டில் எனக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை, அவனுக்குத்தான் முதலில் கேட்டது. "அண்ணே, அப்படியே பிடி, சத்தம் மாறிடுச்சு" என்றான். அதற்கப்புறம் சத்தத்தை வைத்தே வேலை செய்தோம். மூன்று நான்கு தட்டுக்கு மேல் போகக்கூடாது, ஓங்கி அடித்தால் தகடு குழிந்து பக்கத்து ரிவெட் தளரும். எங்களுக்கும் ஒரு இடத்தில் அப்படி ஆனது. துளையே பெரிதாகிவிட்ட மூன்றைத் துளைத்து எடுத்துவிட்டு, சீலன்ட் தடவி, முனை மூடிய வகைப் பாப் ரிவெட் போட்டேன். நடுவில் ஓட்டை உள்ள சாதாரணப் பாப் ரிவெட்டைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போட்டால் அது ஒழுகத்தான் செய்யும். இறுக்கிய வரிசைகளுக்கு உள்பக்கமாக எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) தடவினேன். 4 வருடத்தில் அந்தப் பதினொன்றில் ஒன்று மட்டும் போன வருடம் மறுபடி கசிந்தது.

பின்பலகை பிளைவுட் கறுத்து மக்கிப் போயிருந்தது, கையாலேயே அள்ளி எடுத்தேன். புதிதாக மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கை எபாக்ஸியால் ஒட்டி, விளிம்பு முழுக்க எபாக்ஸி குடிக்க விட்டு மாட்டினேன். மோட்டார் போல்ட்டுக்கான துளைகளைப் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவில் மறுபடி சரியான அளவுக்குத் துளை போட்டால் மரம் தண்ணீரைப் பார்க்கவே பார்க்காது. பூச்சிக்காகச் செம்பு உப்பு ஏற்றிய மரத்தை மட்டும் இங்கே வைக்காதீர்கள். ஈரத்தில் அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். இருக்கைக்கு அடியில் இருந்த பழைய ஃபோம் பிழிந்தால் தண்ணீர் விடும் அளவுக்கு ஊறியிருந்தது. படகு மூழ்காமல் தாங்க வேண்டிய பொருளே கனமாகி, ஈரத்தைத் தகட்டோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்த இடத்தில் தகட்டில் வெள்ளைப் பொடியும் ஊசி குத்தினாற்போல் சிறு குழிகளும் இருந்தன. புதிதாகப் பாலியூரித்தேன் ஃபோம் வைத்தேன். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பாலிஸ்டைரின் அட்டை வைத்தால் ஒரு துளி பெட்ரோல் சிந்தினாலே கரைந்துவிடும் என்பதால் அது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இனி முக்கியமான விஷயம். அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நொடியிலேயே அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் அழுக்கும் ஈரமும் சேர்ந்துகொண்டே போனால் பெயின்ட் பிடிப்பது தகட்டை இல்லை, அந்த மேல் அழுக்கைத்தான். அதனால் முழுப் படகையும் ஒரே நாளில் தேய்த்து வைத்துவிட்டு அடுத்த வாரம் பிரைமர் அடிக்கலாம் என்று நினைத்தால் வேலை வீண். நான் படகை ஆறு பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பகுதியை எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 120ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள அலுமினியக் கிளீனர் தடவி, அலசி, உலர்ந்ததும் அன்றைக்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர்.

சுத்தமானதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. சுத்தத் தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, கண்ணாடித் தாள் போர்த்தினாற்போல் விடாமல் பரவி நின்றால் தகடு தயார். அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், இடது பக்கத்தில் மூன்று முறை கழுவியும் ஒரு உள்ளங்கை அளவில் தண்ணீர் விலகி விலகிப் போனது. பார்த்தால் என் கையுறை இல்லாத கையை அங்கேதான் ஊன்றியிருக்கிறேன். கையுறை போட்டு நான்காவது முறை கழுவியதும் தண்ணீர் ஒரே தகடாக நின்றது, அந்த நிமிடம் கிடைத்த திருப்தி கடைசிக் கோட் அடித்தபோதுகூடக் கிடைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. அமிலம் கலந்த செல்ஃப் எட்ச் பிரைமரை முதலில் அடித்து அதன் மேல் எபாக்ஸி அடிப்பது பல தயாரிப்புகளில் ஒத்துப்போகாது, அந்த அமிலம் எபாக்ஸியை இறுக விடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தவரை பிரைமரும் பெயின்டும் ஒரே தயாரிப்பு வரிசையில் இருக்கட்டும். நெளிவு இருந்த இடங்களில் பிரைமருக்கு மேல் எபாக்ஸிப் பட்டி பார்த்தேன், அதுவும் கொஞ்சம்தான். பழைய படகில் சிறு நெளிவு இருந்தால் இருக்கட்டுமே.

மேல் பெயின்ட் ஒரு பாகப் பாலியூரித்தேன். இரண்டு பாகம் கலக்கும் வகை இன்னும் கெட்டி, இன்னும் பளபளப்பு, அது உண்மைதான். ஆனால் அதில் மூச்சில் போனால் ஆபத்தான ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அதை ஸ்ப்ரே செய்வதற்கு வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும், வீட்டில் செய்யும் வேலை இல்லை அது. நான் ரோலரால் மெல்லிசாக உருட்டி, உடனே பின்னாலேயே நல்ல பிரஷ்ஷின் நுனியால் லேசாக இழுத்து விட்டேன். ஒருவர் உருட்ட ஒருவர் இழுத்தால் ரோலர் போட்ட புள்ளிகள் மறைந்து தட்டையாகப் படியும். வெயில் நேராக விழும்போதும் பனி இறங்கும் மாலையிலும் அடிக்கவில்லை. தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது கணக்கு. உள்ளே வெளிர் சாம்பல் நிறம், கால் வைக்கும் இடத்தில் வழுக்காத பொடி தூவினேன். கருநிறம் வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தேன் என்பது வெயிலில் வெறுங்காலோடு நின்றால் தெரியும்.

சரி, 4 வருடம் கழித்து எப்படி இருக்கிறது? பக்கவாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, பிடிப்பு விடவில்லை. ஏராவிலும் அணியத்தின் அடியிலும் கல் உரசி வெறும் தகடு தெரிகிறது, எந்தப் பெயின்ட் அடித்தாலும் அது நடக்கும், வருடம் ஒரு முறை அங்கே மட்டும் தொட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

வலது பக்கம் பின்னால் இரண்டாம் வருடமே ஒரு கை அகலத்துக்குத் தோல் மாதிரி உரிந்தது. உரிந்த இடத்தில் தகடு தெரியவில்லை, பிரைமர் தெரிந்தது. அதிலிருந்தே காரணம் புரிந்துவிட்டது. தகடு தெரியும்படி உரிந்தால் கழுவியதிலும் தேய்த்ததிலும் குறை, பிரைமர் அப்படியே இருந்து மேல் பெயின்ட் மட்டும் கழன்றால் இரண்டு கோட்டுக்கு நடுவில் குறை, குமிழியைக் குத்தினால் வெள்ளைப் பொடி வந்தால் அடியில் அரிப்பு. அந்தப் பகுதிக்குப் பிரைமர் அடித்த அன்று மழை பிடித்து நான்கு நாள் தள்ளிப் போனது, அடுத்த கோட்டுக்கு டப்பாவில் போட்டிருந்த நேரம் தாண்டிவிட்டது, தாண்டினால் மறுபடி தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், நான் அவசரத்தில் துணியால் துடைத்துவிட்டு மேலே அடித்துவிட்டேன். அந்த ஒரு மணி நேர வேலையை விட்டதற்குப் பிற்பாடு இரண்டு நாள் செலவழித்தேன்.

குமிழி வந்தது வேறு இடத்தில். துடுப்புக் கொக்கியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் நேராகத் தகட்டில் முறுக்கியிருந்தேன். இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம், அவ்வளவு போதும், விட்டுக் கொடுப்பது அலுமினியம்தான். ஸ்க்ரூவைச் சுற்றி நாணயம் அளவுக்குப் பெயின்ட் உப்பி, உள்ளே வெள்ளைப் பொடி. மற்ற எல்லா ஸ்க்ரூவுக்கும் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஈரம் புகாமல் தடுக்கும் டெஃப்-ஜெல் பசை தடவி நைலான் வாஷர் வைத்திருந்தேன், அங்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அடியில் பாசி பிடிக்காமல் இருக்க விற்கும் செம்பு கலந்த பெயின்ட்டும் இதே காரணத்தால் அலுமினியத்துக்கு எமன். உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் துளையின் பித்தளை அடைப்பானைக்கூட நான் மாற்றிவிட்டேன்.

எதிர்பார்க்காத இடம் ட்ரெய்லர். படகு உட்காரும் மரக்கட்டைகளின் மேல் கம்பளம் சுற்றியிருந்தது, ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து ஏற்றியதும் அது நாள்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொண்டு அடித்தகட்டோடு ஒட்டியிருந்தது. மூன்றாம் வருடம் படகைத் தூக்கிப் பார்த்தபோது சரியாக அந்தக் கட்டைகளின் வடிவத்திலேயே இரண்டு நீளப் பட்டையாகச் சின்னச் சின்னக் குமிழிகள். ஒரு பாகப் பாலியூரித்தேன் எப்போதும் நனைந்தே இருப்பதற்கான பெயின்ட் இல்லை, தண்ணீரிலேயே கட்டிப் போடும் படகு என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே வேறு வகை வேண்டும் என்று தெரிந்துதான் அடித்தேன், என் படகு ட்ரெய்லரில்தானே நிற்கிறது என்ற தைரியம். ட்ரெய்லரே அதை நனைத்து வைத்திருக்கும் என்று தோன்றவில்லை. கம்பளத்தைக் கழற்றிவிட்டு வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டாயிற்று.

இப்போது படகு மறுபடி கவிழ்த்து வைத்திருக்கிறது. அந்த இரண்டு பட்டையையும் தகடு வரை எடுத்து, கழுவி, காலையில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரே தகடாக நின்றது. பிரைமர் கலந்து வைத்திருக்கிறேன், தம்பி ரோலரோடு வந்துவிட்டான்.