நீலகிரி நூலகம், உதகை: கட்டடமும் வாசிப்பறையும்

உதகையின் கடைவீதியில் பழைய கட்டடங்கள் பலவற்றின் முகப்பைப் பெயர்ப்பலகைகள் மறைத்துவிட்ட நிலையில், எந்த வேலைக்காக எழுப்பப்பட்டதோ அதே வேலையை இன்றும் செய்துவரும் ஒரு கட்டடத்தைக் காண விரும்புவோர், அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய நீலகிரி நூலகத்துக்குச் செல்லலாம். உறுப்பினர் சந்தாவில் இயங்கும் இந்நூலகம் 1859-இல் தொடங்கியது. இப்போதைய கட்டடம் 1860-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது.

இதை வடிவமைத்த ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் 1840-இல் பிறந்தவர்; அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சென்னையில் அவர் பின்னாளில் எழுப்பிய செனட் மாளிகையைப் பார்த்தவர்கள் குவிமாடங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் எதிர்பார்த்து இங்கே வந்தால் வியப்படைவார்கள். இது கோதிக் பாணி: கூர்முனை வளைவுகள், சரிவான கூரை, உயர்ந்து செல்லும் ஒரே நீண்ட மண்டபம், அதன் கோடியில் சுவரின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பெரிய வளைவுச் சாளரம். சமவெளியில் கட்டுபவர் வெயிலைத் தடுக்கத் தாழ்வாரம் வைக்கிறார். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், பருவமழை மாதங்களில் பகலிலேயே இருட்டிக்கொண்டு வரும் ஊரில், கிடைக்கிற வெளிச்சத்தை மேசைவரை கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்தச் சாளரம் வெறும் அலங்காரமன்று என்பதை, மேகம் மூடிய பிற்பகலில் அதன் அருகே அமர்ந்து பொடி எழுத்துப் புத்தகம் ஒன்றைப் படிப்பவர் உடனே உணர்வார். சிஷோமின் கட்டடங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அளவில் பெரியவை சென்னையில் இருக்கலாம், ஆனால் இடத்துக்கும் வேலைக்கும் இவ்வளவு பொருந்தியது இதுவே.

நூல்களில் பழைய ஆங்கிலப் பதிப்புகளே மிகுதி. நீலகிரியின் வரலாறு, பழங்குடி மக்கள், தாவரங்கள் ஆகியவை பற்றி ஆராய்பவர்களுக்கு இது பெரும் செல்வம். புதிய நாவல்களை மட்டும் நாடுவோருக்கு அவ்வளவு பயன்படாது.

இது சுற்றுலாத் தலமன்று என்பதை வெளியூரிலிருந்து வருவோர் மனத்தில் கொள்ள வேண்டும். உறுப்பினர்களுக்கான இடமாதலால், தற்காலிக உறுப்பினராவது குறித்து அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்வதும், அனுமதி பெறாமல் படமெடுக்காதிருப்பதும் முறை. அவசரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல், அரைநாளாவது ஒதுக்கி, கையில் ஒரு நூலோடு அந்த மண்டபத்தில் அமருங்கள். அருகிலேயே இருக்கும் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.