கார் ரிமோட் சாவிக்கு பேட்டரி: கடையில் கொடுப்பதா, நாமே மாற்றுவதா?

தூரத்தில் நின்று அழுத்தினாலே திறந்துகொண்டிருந்த கதவு, கொஞ்ச நாளாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அழுத்தினால்தான் திறக்கிறது என்றால் சாவியில் பேட்டரி தீர்ந்து வருகிறது. எங்கள் காருக்கு இரண்டு சாவிகள். ஒன்றைக் கடையில் கொடுத்து மாற்றினேன், மற்றொன்றை நானே வீட்டில் மாற்றினேன். இனிமேல் நானேதான் மாற்றுவேன்.

நேரம், செலவு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரியைக் கழற்றினால் கார் சாவியை மறந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பெரும்பாலான சாவிகளில் அப்படி ஆகாது. எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்தான்: சாவியின் ஓடு மறுபடியும் இறுக மூடுகிறதா?

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை இணைப்பில் செருகி ஒரு திருகு திருகினார். டக்கென்று சத்தம் வந்தது. மூடிக் கொடுத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து சாவி கை தவறித் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பேட்டரி உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அது தவழ்ந்து போவதற்குள் எடுத்துவிட்டேன். அப்புறம் பிளந்த ஓடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் நான்கு கொக்கிகளில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், சாவியில் இருப்பது மாதிரியான தட்டையான பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்திலேயே மின்சாரம் ஓடி அங்குள்ள திசுவை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் வந்துவிடலாம். ரிமோட்டுக்குப் பற்றாத பழைய பேட்டரியிலும் அதற்கான மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. தேனைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது.

வீட்டில் செய்தபோது அவசரம் இல்லை. முதலில் உள்ளே இருக்கும் இரும்புச் சாவியை உருவினேன். அந்த இடத்திலேயே திறப்பதற்கென்று சின்னப் பள்ளம் இருந்தது. பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையை அதில் வைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போனேன். ஒரு கொக்கியும் உடையவில்லை. + பக்கம் எப்படி இருக்கிறது என்று போட்டோ எடுத்துவிட்டு, பல்குத்தும் குச்சியால் பேட்டரியைக் கிளப்பினேன். உலோக இடுக்கி இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகும்.

பழைய பேட்டரியின் மேலே பொறித்திருக்கும் எண்ணையே பார்த்து வாங்குங்கள். சிஆர் 2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். 2025-க்கும் அதே அகலம்தான், தடிமன் 2.5 மி.மீ.; 2032-க்குப் பதில் அதைப் போட்டால் உட்கார்ந்துவிடும், ஆனால் தொடர்பு விட்டுவிட்டு வரும். கசப்புப் பூச்சு உள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள், குழந்தை வாயில் வைத்ததும் துப்பிவிட வாய்ப்பு உண்டு.

மூடும்போது சுற்றிலும் அழுத்தி, ஒவ்வொரு கொக்கியும் விழும் சத்தத்தைக் கேட்டேன். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் உடனே டேப் ஒட்டி, மின்கழிவில் போட எடுத்து வைத்தேன். கடையில் மாற்றியபோது பழைய பேட்டரியை அப்படியே உள்ளங்கையில் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

நான் திறந்தது எங்கள் சாவி வகை ஒன்றைத்தான். அட்டை மாதிரி மெல்லிய சாவியையோ, பசை போட்டு ஒட்டியதையோ நான் தொட்டதில்லை. அதற்கு சர்வீஸ் சென்டருக்குத்தான் போவேன், என் கண்முன் திறக்கச் சொல்வேன்.

உடைந்த ஓட்டை டேப் சுற்றி ஒட்டாதீர்கள். வெளி ஓடு தனியாகவே கிடைக்கிறது. நானும் அதை வாங்கி உள்பாகத்தை மாற்றிவிட்டேன். சில சாவிகளில் கறுப்பாக ஒரு சின்னச் சில்லு (சிப்) ஓட்டிலேயே தனியாகப் பொருத்தியிருக்கும். பழைய ஓட்டை எறிவதற்கு முன் அதையும் எடுத்துப் புதியதில் வையுங்கள், இல்லாவிட்டால் கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.