கிளிநொச்சியில் வாங்கின ஒலி வேதாகமப் பெட்டி

பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலுக்குக் கொண்டுபோறன். சார்ஜ் விடியுமட்டும் நிக்கும், சத்தமும் காணும். வாசிக்கிறவர் எண்ணாகமம் எண்ட வேதாகமப் புத்தகத்தின்ர 16ஆம் அதிகாரத்திலதான் தன்ர திறமையைக் காட்டுறார். கோராகு, தாத்தான், அபிராம் எண்ட மூண்டு பேரும் இஸ்ரவேல் சனத்தின்ர தலைவர் மோசேக்கு எதிரா எழும்பீட்டினம். இந்தப் பொல்லாத ஆக்களின்ர கூடாரங்களை விட்டு விலகுங்கோ எண்டு மோசே சனத்துக்குச் சொல்லுற இடத்தைக் குரல் உயர்த்தாமலே வாசிச்சு வெருட்டுறார். பிறகு நிலம் பிளக்குது, அவையளோட சேந்து தூபங்காட்டின 250 பேரை நெருப்பு எரிக்குது. அதுக்குப் பின்னால போட்ட வெடிச்சத்தம் தேவையில்லாத வேலை. வன்னிச் சனத்துக்கு அதைப் போட்டுக் காட்ட வேணுமே?

அதிகாரம் தேடுற பொத்தான் சரியான மோசம். கோராகின்ர பிள்ளையள் சாகேல்லை எண்ட வசனம் 26ஆம் அதிகாரத்தில கிடக்கு. அதைப் பிடிக்கிறதுக்குள்ள பன்றி வரம்பேறீட்டுது. ரோச் லைற்றும் இருக்கு, மங்கல். கண் தெரியாத முதியாக்களுக்கு வாங்கிக் குடுக்கலாம்.