டிரைவரைத் துடைத்துத் துடைத்துக் கற்றது: ஐந்து வருடம், எட்டு தடவை

கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறேன். வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதுதான் கடை, அதுதான் ஆபீஸ். கிராபிக்ஸ் கார்டு டிரைவரை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அந்தக் கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருளை, அடியோடு துடைத்துவிட்டு மறுபடி போடுகிற வேலையை இந்த ஐந்து வருடத்தில் எத்தனை தடவை செய்தேன் என்று போன வாரம் எண்ணிப் பார்த்தேன், எட்டு வந்தது. அதில் நிஜமாகவே தேவைப்பட்டது இரண்டுதான். மிச்ச ஆறும் பயத்தில் செய்தது, இல்லாவிட்டால் யாரோ சொன்னார்களே என்று செய்தது.

முதலில் என்னிடம் இருந்தது ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580. நல்ல கார்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே டிசம்பர் கடைசியில் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை தொடங்கினால் பேரகணி பக்கம் எடுத்த ஃபுட்டேஜ் மூட்டை மூட்டையாக வரும், எல்லாரும் வெள்ளைத் துணி, வெள்ளை முண்டாசு, பின்னால் வெள்ளையாகப் பனிமூட்டம், விடியற்காலை வெளிச்சம் வேறு போதாமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளியைத் துடைக்க டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் கார்டின் மெமரி நிரம்பி எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கும். அதனால் 2022 கடைசியில் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன். 12 ஜிபி மெமரி என்பதுதான் ஒரே காரணம், நான் கேம் விளையாடுவதில்லை.

தப்பு என்னுடையது. பெட்டியைப் பிரித்த அவசரத்தில் பழைய கார்டைக் கழற்றி, புதுசைச் செருகி, புது டிரைவரை அதன் தலைமேலேயே போட்டுவிட்டேன். ஓடியது. ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பழைய கார்டின் மென்பொருள் எழுந்து வந்து, என் கார்டைக் காணோமே என்று ஒரு பெட்டியைக் காட்டும். பாவம், அது சரியாகத்தான் சொல்கிறது. அந்தக் கார்டு அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ரிசால்வ் திறக்கும்போது சில சமயம் கார்டே தெரியவில்லை என்றதும்தான் வயிற்றைக் கலக்கியது.

கன்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பல சமயம் போவது மேலே தெரிகிற மென்பொருள்தான். டிரைவரின் மூலப் பொட்டலம் விண்டோஸ் போல்டருக்குள் டிரைவர்ஸ்டோர் என்று ஒரு இடத்தில் பத்திரமாக இருந்துவிடலாம், ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸ் அதிலிருந்தே எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளும். அது போக விண்டோஸ் செட்டிங்குகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சம், பின்னணியில் ஓடும் சர்வீஸ், எச்டிஎம்ஐ வழியாகச் சத்தம் வருவதற்கு ஒரு ஆடியோ டிரைவர், கார்டு சேர்த்து வைத்த ஷேடர் கேஷ் என்ற தற்காலிக பைல்கள் என்று நாலு பக்கமும் சிதறிக் கிடக்கும். இதையெல்லாம் தேடி ஒரே மூச்சில் அள்ளுவதற்குத்தான் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு. வாக்னார்ட்சாஃப்ட் தருகிற இலவசக் கருவி. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றுக்கும் வேலை செய்யும். ஏஎம்டி கார்டுக்கு மட்டும் வேண்டும் என்றால் அவர்களே க்ளீன்அப் யுடிலிட்டி என்று தனியாக ஒன்று தருகிறார்கள்.

சரி, முதல் தடவை. இதை சேஃப் மோடில், அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றித் திறக்கும் நிலையில், செய்யச் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்கே கார்டின் டிரைவர் ஏறாது, பைல்கள் பூட்டிக்கொண்டு நிற்காது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தேன், நீலத் திரையில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4 அழுத்தினேன். எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, நாலு மூலையிலும் சேஃப் மோடு என்று வந்து நின்றது. அதற்கு முன் லாகின். தினமும் போடுகிற நாலு இலக்க பின்னைப் போட்டேன், இங்கே பின் செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டு கொடு என்றது. யாருக்கு ஞாபகம் இருக்கும்? மூன்று வருடமாக நான் அதை டைப் செய்ததே இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அம்மாவின் ரேஷன் கார்டு கவர், இன்வெர்ட்டர் வாரண்டி, கேஸ் புக் எல்லாம் கொட்டித் தேடி, கடைசியில் ஒரு டீத்தூள் பாக்கெட்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்தது கிடைத்தது. அன்றிலிருந்து இந்த வேலையில் இறங்குவதற்கு முன் நான் முதலில் தேடுவது டிரைவரை இல்லை, பாஸ்வேர்டை.

டிடியு ஓடுவது பெரிய விஷயமே இல்லை. வலது பக்கம் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்று தேர்ந்தெடுத்து, எந்தக் கம்பெனி என்று சொல்லி, க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட் என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கார்டையே மாற்றப் போகிறீர்கள் என்றால் அதிலேயே க்ளீன் அண்ட் ஷட்டவுன் என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது, துடைத்து முடித்து மெஷினை அணைத்துவிடும், அப்புறம் கார்டைக் கழற்றலாம். நான் முதலிலேயே அதைச் செய்திருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

அதைவிட முக்கியம் நெட். துடைத்துவிட்டு ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் சும்மா இருக்காது, கார்டுக்கு டிரைவர் இல்லையே என்று தானாகவே ஒரு பழைய பதிப்பை இழுத்து வந்து போட்டுவிடும். நீங்கள் இன்ஸ்டாலரைத் திறக்கிற நேரத்துக்குள் அது பாதி வேலையை முடித்திருக்கும். அதனால் லேன் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், புது டிரைவரை முன்னமே இறக்கி டிஸ்கில் வைத்திருக்க வேண்டும். பைல் 600 எம்பிக்கு மேல் இருக்கும். மழை நாளில் இங்கே போன் சிக்னலே ஒரு கோடுதான், அதில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆளுக்கு என் அனுதாபம்.

டிடியுவின் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் அப்டேட் டிரைவர் கொண்டுவருவதைத் தடுக்க ஒரு டிக் இருக்கிறது. நான் அதைப் போட்டேன், வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்தேன். ஐந்து மாதம் கழித்து வாங்கிய பிரிண்டர் எத்தனை தடவை செருகினாலும் தெரியவே இல்லை. பிரிண்டரைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டியது. டிடியுவைத் திறந்து, டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸைப் பழையபடி வைக்கும் பொத்தானை அழுத்தினேன், பிரிண்டர் அடுத்த நிமிடமே வந்துவிட்டது. கடைக்காரரிடம் போய் நின்றிருந்தால் மானம் போயிருக்கும்.

இரண்டாவது நிஜத் தேவை 2023 நவம்பரில். நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு, அதாவது கோத்தகிரிக்கும் குன்னூருக்கும், வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மரம் விழும், ஒயர் அறும், கரண்ட் போகும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு டிரைவர் அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது போனது. யுபிஎஸ் பாட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது, மாற்ற வேண்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். கரண்ட் வந்து ஆன் செய்தால் 1024க்கு 768 என்று பழைய காலத்து டிவி மாதிரி திரை. டிவைஸ் மேனேஜரில் கார்டு பெயருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர், அதாவது கார்டின் சொந்த டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் ஒப்பேற்றுவது. மேலே மேலே இன்ஸ்டால் செய்து பார்த்தேன், இன்ஸ்டாலர் ஒவ்வொரு தடவையும் தோல்வி என்று நின்றது. இந்த நேரத்தில்தான் டிடியுவின் அருமை தெரிந்தது. சேஃப் மோடு, துடைப்பு, ரீஸ்டார்ட், கைவசம் இருந்த இன்ஸ்டாலர், மொத்தம் இருபது நிமிடம், பழையபடி ஆகிவிட்டது. அடுத்த நாளே யுபிஎஸ் பாட்டரி மாற்றினேன்.

இந்த வெற்றி தலைக்கேறி, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் துடைத்துத் துடைத்துப் போட ஆரம்பித்தேன், மூன்று தடவை. ஒரு வித்தியாசமும் இல்லை. எக்ஸ்போர்ட் நேரம் அதேதான். திரைக்கு நான் வைத்திருந்த கலர் செட்டிங் ஒவ்வொரு தடவையும் அழிந்ததுதான் மிச்சம். சாதாரண அப்டேட்டுக்கு இது தேவையே இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் என்று தேர்ந்தெடுத்து க்ளீன் இன்ஸ்டாலேஷன் என்பதை டிக் செய்தால் போதும், பழைய செட்டிங்கையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடும், சேஃப் மோடு பக்கமே போக வேண்டாம். நான் இப்போது அதைக்கூட வருடத்துக்கு ஒரு தடவைதான் செய்கிறேன்.

அப்புறம் 2024 ஆகஸ்ட். எக்ஸ்போர்ட் நடுவில் திரை ஒரு நொடி கறுப்பாகி மறுபடி வரும், ரிசால்வ் மூடிக்கொள்ளும். விண்டோஸ் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தி மீண்டது என்று வரிசையாக. இது என்னவென்றால், கார்டு 2 நொடி பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும், அந்தக் குறிப்பு. டிரைவர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் மூன்று தடவை துடைத்தேன். புதுப் பதிப்பு, பழைய பதிப்பு, அதைவிடப் பழையது. மாப்பிள்ளையின் தம்பி தினமும் போன், "அண்ணா, டிரெய்லர் மட்டுமாவது அனுப்புங்க, வீட்டுல கேட்டுட்டே இருக்காங்க." நான் என்ன சொல்வது, டிரைவர் சரியில்லை என்றால் அவர் கார் டிரைவர் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியில் மெஷினை ஜீப்பில் வைத்து மேட்டுப்பாளையம் இறக்கினேன். அங்கே ரிப்பேர் செய்கிறவர் வயதானவர், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் "எங்கிருந்து வரீங்க?" என்று கேட்டார். கோத்தகிரி என்றேன். "அப்போ முதல்ல கார்டைக் கழட்டலாம் தம்பி" என்றார். கழற்றி, ஸ்லாட்டில் செருகுகிற அந்தத் தங்க நிறப் பல் வரிசையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பளபளப்பு இல்லை, ஓரமாக மங்கலாக ஒரு படலம். கிட்டத்தட்ட 6000 அடி உயரத்தில், ஜன்னல் ஓரம், மாதக்கணக்கில் மூட்டத்துக்குள் வைத்திருந்த மெஷின். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரை எடுத்து இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தார், ரப்பர் துகளை பிரஷ்ஷால் தட்டினார், ஸ்லாட்டை ஊதினார், பவர் கேபிளைப் பிடுங்கி க்ளிக் என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்தினார். நூறு ரூபாய். அதற்கப்புறம் அந்தக் கறுப்புத் திரை இன்றுவரை வரவில்லை. ரப்பரா கேபிளா எது சரி செய்தது என்று கேட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டார், பிரித்துச் சொல்ல முடியாது. மெஷின் இப்போது ஜன்னலை விட்டுத் தள்ளி நாலடி உள்ளே இருக்கிறது.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்ததால் 11க்கு மாறினேன். அப்போது டிரைவரைத் துடைக்கவில்லை, மேலேயே ஏறியது, ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் 11 வைத்திருப்பவர்கள் சேஃப் மோடுக்குப் போவதற்கு முன் டிஸ்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வழியில் மறித்து 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கலாம், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அதைப் பார்க்க இன்னொரு போனோ கம்ப்யூட்டரோ வேண்டும். லேப்டாப்காரர்கள் இன்னொரு விஷயம், லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் டிரைவரை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில மாடலில் அதுதான் ஒழுங்காக உட்காரும்.

டிடியு போல்டர், ஒத்து வருகிற ஒரு டிரைவர் பதிப்பு, இரண்டும் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. மூடியில் செலோடேப்பால் ஒட்டிய துண்டுத் தாளில் பாஸ்வேர்டு. பாதுகாப்பு இல்லை என்று தங்கை திட்டுகிறாள். அதே டிராயரில் வெள்ளை ரப்பரும் ஒன்று கிடக்கிறது, ஐந்து ரூபாய்.