‘முடியாது’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள்: ஜெர்மனியும் ஜப்பானும்

ஜெர்மனி அலுவலகக் கூட்டத்தில் “இந்தக் கணக்கு தப்பு” என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது வேலையைப் பற்றிய பேச்சு, ஆளைப் பற்றியதல்ல. நலம் விசாரிப்பும் சுருக்கம்தான், சட்டென்று விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடம் “நல்ல யோசனைதான், ஆனாலும் ஒருவேளை...” என்று இழுத்தால் முதல் பாதிதான் காதில் விழும்; ஒப்புக்கொண்டதாகக் குறித்துக்கொள்வார்கள்.

ஜப்பானில் தலைகீழ். “கொஞ்சம் சிரமம்”, “யோசிக்கிறோம்” என்றாலே பெரும்பாலும் மறுப்புதான். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிவிட்டு மௌனமானாலும் அப்படியே. வெளிநாட்டவர் பலர் தடுக்கி விழுவது இந்த மௌனத்தில்தான்: விலை பேசும்போது பொறுக்காமல் தாங்களே விலையைக் குறைத்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி காத்திருந்தால் போதும். “ஹாய்” (ஜப்பானிய மொழியில் ‘ஆம்’) என்ற தலையாட்டலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதாகவே இருக்கலாம். அதனால் “முடியுமா?” என்று கேட்காதீர்கள், “எந்தத் தேதிக்குள்?” என்று கேளுங்கள். தேதி வராவிட்டால் காரியம் நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் திடீரென எதிர்ப்புத் தெரிவிப்பதும் அங்கே எடுபடாது. ‘நெமவாஷி’ என்று, முன்கூட்டியே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசிவிடுவார்கள். கூட்டம் பெரும்பாலும் முத்திரை குத்தத்தான். உங்கள் ஆட்சேபத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.