வயிற்றில் பையா, பழைய வழியா?

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மலக்குடல் புற்றுநோய் வந்தது. அம்பாசமுத்திரத்துச் சித்தப்பாவுக்கு இப்போது வயிற்றின் இடப்பக்கம், மலம் வந்து சேர நிரந்தரமாகப் பை. தென்காசி ரூட்டில் கண்டக்டராக ஓடிய அத்தானுக்குப் பை இல்லை. விசேஷ வீடுகளில் சித்தப்பாவைப் பார்த்து, "கண்டக்டரு தப்பிச்சிட்டாரு, இவுகதான் பாவம்" என்று இழுப்பார்கள். இருவர் வீட்டுக்கும் போய்வருகிறவன் என்பதால் எனக்கு அது ஒப்பாது.

ஆரம்பம் இருவருக்கும் ஒன்றுதான். மலத்தோடு ரத்தம் போனது, மூலம் என்று நினைத்துக்கொண்டார்கள். சித்தப்பா எட்டு மாதம் லேகியம் தின்றார். அவருடைய கட்டி இருந்த இடத்துக்கு, உறை போட்ட ஒரு விரல் போதும் கண்டுபிடிக்க. அவரும் காட்டவில்லை, லேகியம் கொடுத்தவரும் பார்க்கவில்லை.

மலக்குடல் ஏறக்குறைய 15 செ.மீ. நீளம். கட்டி ஆசனவாய்க்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. எம்.ஆர்.ஐ. எடுப்பது அதையும் கட்டியின் ஆழத்தையும் பார்க்கத்தான். சித்தப்பாவின் கட்டி மலத்தை அடக்கும் தசையையே பிடித்திருந்தது. ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு வயிற்றில் வழி வைத்தார்கள். 1908-ல் மைல்ஸ் என்ற ஆங்கிலேய சர்ஜன் எழுதிய முறை, இன்றும் நிற்கிறது. அத்தானுக்கு 6 செ.மீ. உயரத்தில் கட்டி. வெட்டி, மீதியை இணைத்தார்கள். குடலைச் சுற்றிய கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுக்கும் நுட்பத்தை 1982-ல் ஹீல்ட் என்ற சர்ஜன் சொன்ன பிறகு, அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. ஆக இவர்கள் இருவருக்கும் தேர்வென்று பெரிதாக ஒன்றும் இல்லை. தசை தப்பி, கட்டி மட்டும் வெகு கீழே இருப்பவர்களிடம்தான் டாக்டர், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பார். இதை எழுதுவது அவர்களுக்காக.

முதலில், ஆபரேஷனுக்கு முன்னால் கரண்ட் வைப்பது. சித்தப்பாவுக்கு நீண்ட முறை: ஐந்து வாரத்துக்குச் சற்று மேல், தினம் கொஞ்சமாகக் கதிர்வீச்சு, கூடவே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை. திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வந்தார். அத்தான் திருவனந்தபுரத்துக்குப் போனதால் குறுகிய முறை: நாளுக்கு 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் ஐந்தே நாள், பிறகு கீமோ. லாட்ஜ் வாடகை கொடுப்பவருக்கு ஐந்து நாள் பெரிய நிம்மதி. ஆனால் கட்டி பெரிதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். 2020-ல் வெளிவந்த ராபிடோ ஆய்வில் குறுகிய கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்தபோது, நீண்ட முறையைவிட நோய் வேறிடம் பரவுவது குறைந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அதே இடத்தில் திரும்புவது மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தது.

சித்தப்பாவுக்கு மாத்திரையில் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. அத்தானுக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ ஊசி போட்ட நாட்களில் ஃபிரிட்ஜ் தண்ணீர் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அந்த வருஷம் சீசனுக்குக் குற்றாலம் பக்கமே அவர் தலைவைக்கவில்லை.

இனிப் பை. அத்தானுக்கும் மூன்று மாதம் பை இருந்தது என்பதை ஊர் மறந்துவிட்டது. இணைத்த இடம் ஆறும்வரை வலப்பக்கம் சிறுகுடலை வெளியே எடுத்து வைத்த தற்காலிகப் பை அது. என் கணக்கில் மோசமானது அதுதான். தண்ணியாக ஓடும், தோலை அரிக்கும், உடம்பின் உப்பையும் நீரையும் உறிஞ்சிவிடும். வெறும் தண்ணீராகக் குடித்துக் குடித்தே ஒருநாள் சுருண்டு விழுந்தார். உப்புப் போட்ட கஞ்சியும் ஓ.ஆர்.எஸ்-ஸும் வேண்டும் என்று பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது.

சித்தப்பாவின் பையில் வருவது கெட்டி மலம், நாளுக்கு ஒன்றிரண்டு தடவை. தொல்லை இல்லாமல் இல்லை. பின்பக்கப் புண் ஆற மாதக்கணக்கானது. சித்திரை வெயிலில் வியர்த்தால் ஒட்டு கழன்றுவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள் ஒட்டவே ஒட்டாது, அந்தப் பக்கம் எண்ணெய் படாமல் பார்க்க வேண்டும். நெல் மூட்டை தூக்கக் கூடாது, குடல் பிதுங்கும். பைக்கு மாதாமாதம் காசு.

அத்தானுக்குப் பழைய வழி திறந்தாச்சு. அதன்பிறகுதான் கூத்து. போய்விட்டு எழுந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி. வாயுவா மலமா என்று பிரித்தறிய முடியாது. தாழ்வாக இணைத்தவர்களுக்கும் கரண்ட் வைத்தவர்களுக்கும் இது அதிகம். ஒன்றிரண்டு வருஷத்தில் பலருக்குக் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். வயிற்றுப்போக்கை அடக்கும் லோப்பரமைடு மாத்திரை, இசப்கோல், இடுப்புத்தளத் தசைப்பயிற்சி எல்லாம் கொஞ்சம் கைகொடுத்தன. ஆனால் ஆலங்குளம் தாண்டி ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்குவார்? "பையே இருந்திருக்கலாம்டே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அக்கா காதில் விழாமல்தான்.

மூத்திரம் போவதிலும் தாம்பத்தியத்திலும் வரும் குறைகள் இரண்டு ஆபரேஷனிலும் உண்டு. யாரும் சொல்ல மாட்டார்கள், கத்தி வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி: கதிர்வீச்சிலும் கீமோவிலும் கட்டி முழுசாக மறைந்துவிட்டால் வெட்டாமல் கண்காணிப்பது. பிரேசில் நாட்டு சர்ஜன் ஹப்ர்-காமா 2004-ல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு பரவியது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கட்டி மறுபடி முளைக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள். அந்தக் காலத்தில் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் சோதனை, ஸ்கோப், அவ்வப்போது எம்.ஆர்.ஐ. "அதான் கரைஞ்சிட்டுல்லா, இனி எதுக்கு அலையணும்?" என்று கேட்கிற ஆள் வீட்டில் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

போன ஆடி அமாவாசைக்குச் சித்தப்பா பஸ் ஏறிப் பாபநாசம் போய், பையோடு ஆற்றில் முங்கி எழுந்துவந்தார். தண்ணீர் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. அத்தானையும் கூப்பிட்டார். "வழியில எங்கயும் நிப்பாட்ட மாட்டானே, நீங்க போயிட்டு வாங்க மாமா" என்றுவிட்டார்.